ஓட்டோவா, மெனுவலா? இடது காலின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன பெருநாள் லீவில் நம்மிடம் படித்த தம்பி ஒருவர் கட்டாரிலிருந்து வந்திருந்தார். நாலைந்து வருடம் சேர்த்த காசில் ஒரு சுசுகி சுவிப்ட் ஸ்போர்ட் எடுக்க நினைப்பு. 2017 இல் வந்த மாதிரி, 1.4 லீற்றர் டர்போ. அவருடைய போனில் இரண்டு கார்களின் படம் இருந்தது. நிறம் ஒன்று, வருடம் ஒன்று, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று ஆறு கியர் மெனுவல், மற்றது ஆறு கியர் ஓட்டோ. தேத்தண்ணிக் கடையில் வைத்து, “சேர், எதை எடுக்கிற?” என்று கேட்டார்.

நாம் வாய் திறப்பதற்குள் அவருடைய கூட்டாளி முந்திக்கொண்டார். “ஓட்டோ எடுத்தா அது ஸ்போர்ட்ஸ் காரே இல்ல மச்சான். அது பொம்புளைகளுக்கும் கால் ஏலாத ஆக்களுக்கும் உள்ள சாமான்.”

பக்கத்து மேசையில் வேன் காக்கா இருந்தார். ஊரில் பலருக்கும் அவரைத் தெரியும். ஒரு காலத்தில் கொழும்புக்கு வேன் ஓடியவர். யுத்த காலத்தில் மிதிவெடியில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது ஓட்டோ கியர் கார் ஓட்டுகிறார். அவர் ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பிப் போனார். நாமும் அந்த நேரம் ஒன்றும் பேசவில்லை. அது இரண்டு நாளாக மனதுக்குள் கிடந்து உறுத்தியது. வகுப்பில் பிள்ளைகள் பிழையாகச் சொன்னால் உடனே திருத்துகிற நமக்கு, கடையில் வாய் வரவில்லை.

அந்தத் தம்பியின் கூட்டாளி சொன்னதில் இரண்டு விசயம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் மெனுவல்தான் என்பது ஒன்று. ஓட்டோ கியர் ஏலாதவர்களுக்கு என்பது மற்றது. இரண்டுக்கும் வரலாறு உண்டு. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

கார் என்ஜினுக்கு ஒரு குறை இருக்கிறது. குறிப்பிட்ட வேகத்தில் சுற்றினால்தான் அதற்குப் பலம் வரும். நின்ற இடத்திலிருந்து வண்டியை இழுக்கவும், மேட்டில் ஏற்றவும், நேர் ரோட்டில் ஓடவும் ஒரே பற்சக்கரம் போதாது. பிரான்ஸில் எமில் லெவசோர் என்ற பொறியியலாளர் 1890களில் இதற்கு ஒரு வழி கண்டார். அளவு வேறுபட்ட பற்சக்கரங்களைத் தண்டில் வைத்து, கம்பியால் தள்ளி ஒன்றோடொன்று கோக்க வைத்தார். இன்றைய மெனுவல் கியர் பொக்ஸின் மூத்த வாப்பா அதுதான். 1895 இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் 1,178 கிலோமீற்றர் ஓட்டத்தில் அவரே காரை ஓட்டி, ஏறத்தாழ 49 மணித்தியாலத்தில் முதலாவதாக வந்து சேர்ந்தார். ஆனால் முதற்பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பரிசு நாலு பேர் இருக்கிற காருக்கு, அவருடையதோ இரண்டு பேர் இருக்கிற கார்!

லெவசோரின் கியர் மாற்றுவது லேசான வேலை அல்ல. சுற்றுகிற சக்கரத்துக்குள் வேறு வேகத்தில் சுற்றுகிற சக்கரத்தைத் தள்ளினால் பல்லோடு பல் உராய்ந்து கத்தும். இரண்டு தரம் கிளச் மிதித்து, இடையில் எக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, காதால் கேட்டு மாற்ற வேண்டும். பழைய லொறி ஓடிய மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இதைக் கையால் காட்டியே சொல்வார்கள். அந்தக் காலத்தில் சாரதி என்றால் மரியாதை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாரும் இந்த வழியில் போகவும் இல்லை. 1908 இலிருந்து 1927 வரை 1.5 கோடிக்கு மேல் செய்யப்பட்ட போர்ட் மொடல் டி காரில் கியர் கம்பியைத் தள்ளுகிற வேலையே கிடையாது. இடது பெடலை முழுக்க மிதித்தால் சின்ன கியர், விட்டால் பெரிய கியர். கோடிக்கணக்கானவர்கள் கார் ஓட்டப் பழகியதே அப்படித்தான்.

அடுத்து வருகிறவர் நமக்கு மிகவும் பிடித்த ஆள். பெயர் ஏர்ல் தொம்சன், அமெரிக்கர். பல் உராய்கிற சத்தம் அவருக்குப் பொறுக்கவில்லை. சக்கரங்கள் கோப்பதற்கு முன்னர் கூம்பு வடிவான இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று தேய்த்து வேகத்தைச் சமப்படுத்தினால் சத்தமே வராதே என்று யோசித்தார். சிங்க்ரோமெஷ் என்கிற அந்த ஏற்பாட்டை 1928 இல் கெடிலாக் கம்பனி தன் கார்களில் போட்டது. இன்று நாம் மெனுவல் கார் ஓட்டும்போது கியர் வழுக்கிக்கொண்டு விழுகிறதே, அது அவருடைய வேலை.

அதே தொம்சன் அத்துடன் நிற்கவில்லை. ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி, கிளச் பெடலே இல்லாத, கியரைத் தானே மாற்றிக்கொள்கிற ஹைட்ரமெட்டிக் கியர் பொக்ஸைச் செய்தார். 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது வந்தது. மெனுவலை மனிதர் ஓட்டக்கூடியதாக ஆக்கியவரும், ஓட்டோவை உலகத்துக்குக் கொண்டு வந்தவரும் ஒரே ஆள்! இரண்டு கட்சியும் சண்டை பிடிக்கும்போது இதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

பிறகு உலக யுத்தம். ஹைட்ரமெட்டிக் அமெரிக்க யுத்த தாங்கிக்குள் போனது. எம்5 ஸ்டுவர்ட் தாங்கியில் இரண்டு கெடிலாக் என்ஜின், இரண்டு ஹைட்ரமெட்டிக். ஆக, ஓட்டோ கியரின் முதல் பெரிய பரீட்சை யுத்தகளத்தில்தான் நடந்தது. அதை ஓட்டியவர்களை யாரும் ஏலாதவர்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

யுத்தம் முடிந்து கால் இழந்த படையினர் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பினார்கள். அவர்களுக்காக ஓல்ட்ஸ்மொபைல் கம்பனி ‘வேலியன்ட்’ என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. ஹைட்ரமெட்டிக் காரில் கையால் இயக்கும் பிரேக், எக்சிலேட்டர் எல்லாம் பொருத்திக் கொடுத்தார்கள். 1946 இல் அமெரிக்க அரசும் சட்டம் கொண்டு வந்து, கால் இழந்த படையினர் கார் வாங்க 1,600 டொலர் வரை கொடுத்தது. வேலியன்ட் என்ற சொல்லுக்கு அர்த்தம் வீரமுள்ளவர். கூட்டாளி சொன்ன “கால் ஏலாத ஆக்களுக்கு உள்ள சாமான்” என்பது ஒரு வகையில் உண்மைதான். அங்கே அதைப் பெருமையான பெயர் வைத்துக் கொடுத்தார்கள், நம்மவர் கடையில் வைத்து நக்கலாகச் சொன்னார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் வருவோம். அமெரிக்காவின் பேர்போன ஸ்போர்ட்ஸ் கார் செவர்லே கோர்வெட். 1953 இல் முதன்முதலாக 300 கார்கள் செய்தார்கள், அத்தனையும் வெள்ளை நிறம். அந்த 300 இல் ஒன்றுகூட மெனுவல் இல்லை. எல்லாம் பவர்கிளைட் என்ற இரண்டு கியர் ஓட்டோ. மெனுவல் வந்தது 1955 இல்தான்.

அந்தக் காலத்தில் ஓட்டோவை நக்கல் பண்ணியவர்களிடம் நியாயம் இருந்ததையும் சொல்ல வேண்டும். முதல் கோர்வெட் மணிக்கு 96 கிலோமீற்றர் வேகத்தை எட்ட 11 செக்கனுக்கு மேல் எடுத்தது. காரணம் லேசானது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைப் போட்டால் மற்றதும் காற்றில் மெல்லச் சுற்றும் அல்லவா? ஓட்டோ கியரில் காற்றுக்குப் பதில் எண்ணெய். என்ஜின் பலத்தில் ஒரு பங்கு அந்த எண்ணெயைச் சூடாக்குவதிலேயே போய்விடும். கியரும் இரண்டே இரண்டு, பாரமும் அதிகம். 1957 இல் நாலு கியர் மெனுவல் வந்த பிறகு ஓட்டத்தில் நம்பிக்கை வைத்தவர்கள் அதைத்தான் கேட்டார்கள். “ஸ்போர்ட்ஸ் கார் என்றால் மெனுவல்” என்ற பேச்சு வேரூன்றியது இந்த வருடங்களில். அன்றைக்கு அது மணிக்கூட்டுக் கணக்கு. ஆண் பெண் கணக்காக ஆக்கியது பிறகு வந்தவர்கள்.

ஆனால் டெக்சாஸில் ஜிம் ஹோல் என்று ஒருவர் வேறு மாதிரி யோசித்தார். எண்ணெய்த் தொழிலில் காசு பார்த்த குடும்பம், தானே பொறியியலாளர், தானே ஓட்டக்காரர். தன் செப்பரல் ரேஸ் காரில் 1964 இல் கிளச் பெடலைக் கழற்றிவிட்டு, எண்ணெயால் இயங்குகிற டோர்க் கன்வேர்ட்டர் கியர் பொக்ஸ் போட்டார். கியரைச் சாரதியே கம்பியால் மாற்றுவார், இடது காலுக்கு மட்டும் வேலை இல்லை. 1965 இல் செப்ரிங் 12 மணித்தியால ஓட்டத்தில் பெருமழை பெய்து பாதை ஆறாக ஓடியது. வென்றது அந்தக் கார். அடுத்த வருடம் ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் 1000 கிலோமீற்றர் ஓட்டத்தில், வளைவுக்கு மேல் வளைவு உள்ள மலைப்பாதையில், பில் ஹில்லும் யோ போனியரும் ஓட்டி வென்றதும் கிளச் பெடல் இல்லாத செப்பரல்தான்.

இதில் நம்மை வியக்க வைப்பது வேறு ஒன்று. சும்மா இருக்கிற இடது காலுக்கு ஹோல் ஒரு வேலை கொடுத்தார். 1966 இல் வந்த 2ஈ காரின் பின்பக்கம், ஆளுயரத்தில் ஒரு இறக்கை. வளைவில் அது காற்றை வாங்கிக் காரை ரோட்டோடு அமத்தும். நேர் ரோட்டில் சாரதி இடது காலால் ஒரு பெடலை மிதித்தால் இறக்கை தட்டையாகி, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். கிளச் இருந்திருந்தால் அந்தப் பெடலுக்கு இடமும் இல்லை, அதை மிதிக்கக் காலும் இல்லை. அந்த வருடம் லகுனா சேக்காவில் பில் ஹில் முதலிடம், ஹோல் இரண்டாமிடம். அப்படி அசைகிற இறக்கைகளைப் பிறகு தடை செய்துவிட்டார்கள்.

இதே காலத்தில் போர்ஷே கம்பனி ஸ்போர்ட்டோமெட்டிக் என்ற பாதி ஓட்டோவை 911 காருக்குச் செய்தது. கிளச் பெடல் கிடையாது. கியர் கம்பியில் கை பட்டவுடன் கிளச் தானாகக் கழரும். சும்மா கம்பிமேல் கையை வைத்துக்கொண்டு ஓடுகிற பழக்கமுள்ளவர்களுக்கு அது சரிவராது, கார் இழுக்காமல் என்ஜின் மட்டும் கத்தும். 1967 இல் நூர்பர்க்ரிங்கில் 84 மணித்தியால ஓட்டம், அதாவது இரவு பகலாக மூன்றரை நாள். விக் எல்பர்ட், ஹான்ஸ் ஹெர்மன், யோகன் நீர்பாஷ் ஆகிய மூவரும் அந்த ஸ்போர்ட்டோமெட்டிக் போட்ட 911 ஆர் என்ற காரில் வென்றார்கள். 911 ஆர் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இவ்வளவு வென்றும் கடையில் போய்க் கார் வாங்குகிறவர்கள் மெனுவலைத்தான் கேட்டார்கள். சாதாரண ஓட்டோ மந்தமாகவே இருந்ததால் அதில் பிழை சொல்லவும் முடியாது.

நிலைமையை மாற்றியவை இரண்டு கண்டுபிடிப்புகள். முதலாவது, கியர் மாற்றும் பட்டையை ஸ்டியரிங்கின் பின்னால் வைத்தது. பெராரியின் போர்முலா வன் காரை வடிவமைத்த ஜோன் பார்னார்ட், ஒடுக்கமான காருக்குள் கியர் கம்பிக்கு ஏன் இடம் விட வேண்டும் என்று நினைத்தார். விரலால் பட்டையைத் தட்டினால் மீதி வேலையை எண்ணெய் அமுக்கமும் கணினியும் பார்த்துக்கொள்ளும். 1989 இல் பிரேசிலில் அதன் முதல் ஓட்டம். அந்தக் கார் பாதியில் நின்றுவிடும் என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். ஓட்டிய நைஜல் மான்செல் நேரத்தோடு வீட்டுக்குப் போக விமான டிக்கெட் போட்டு வைத்திருந்ததாகவும் சொல்வார்கள். கார் நிற்கவில்லை, அவர் வென்றார். சில வருடங்களுக்குள் மற்ற அணிகளும் அதே வழிக்கு வந்தன. 1997 இல் பெராரி அதைத் தன் 355 காரில் ரோட்டுக்கே கொண்டு வந்தது.

இரண்டாவது, இரட்டைக் கிளச். இதன் யோசனை அடோல்ப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரருடையது. ரஷ்யாவின் கடைசி மன்னருடைய கார்க் கொட்டகையில் வேலை பார்த்தவர் அவர். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. மூன்றாவது கியரில் ஓடும்போதே நாலாவது கியர் கோத்துக்கொண்டு ஆயத்தமாக நிற்கும். ஒரு கிளச் விட, மற்றது பிடிக்க, இடையில் என்ஜினின் இழுவை அறுவதே இல்லை. 1930களின் கடைசியில் செய்து பார்த்தார். யுத்தம் வந்தது, 1943 இல் அவர் இறந்தும் போனார். அதைக் கட்டுப்படுத்தக் கணினி வரும்வரை யோசனை தூங்கியது. 1980களில் போர்ஷே அதை ரேஸ் கார்களில் பரீட்சித்து, 1986 இல் மொன்சாவில் 962 காரில் வெற்றியும் கண்டது. 2003 இல் வொக்ஸ்வேகன் கொல்ப் ஆர்32 காரில் ரோட்டுக்கு வந்தது, 2008 இல் போர்ஷே 911 க்கு வந்தது.

நம்மூர் வீதியில் ஓடுகிற ஹொண்டா வெசல் ஹைபிரிட், 2013 இல் வந்த பிட் ஹைபிரிட் இரண்டிலும் இருப்பது இதே இரட்டைக் கிளச்தான், ஏழு கியர். ரேஸ் ஓடிய சாமானில்தான் பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்குகிறோம்.

இதற்குப் பிறகு மணிக்கூடு கட்சி மாறிவிட்டது. 2017 இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 காரை எடுங்கள். ஒரே கார், ஒரே என்ஜின். மணிக்கு 100 கிலோமீற்றரை எட்ட இரட்டைக் கிளச்சில் 3.4 செக்கன், மெனுவலில் 3.9 செக்கன். கையும் காலும் எவ்வளவு பழகினாலும் அந்த அரைச் செக்கனைப் பிடிக்க முடியாது. உச்ச வேகத்தில் மட்டும் மெனுவல் ஒரு துளி முன்னால், 320 க்கு 318.

அப்படியென்றால் மெனுவல் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. 2013 இல் அதே ஜிடி3 ஐ இரட்டைக் கிளச்சில் மட்டும் விற்றபோது பழைய வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். முந்தியதைவிட வேகமான கார்தான், ஆனாலும் வேண்டாம் என்றார்கள். 2016 இல் போர்ஷே 991 கார்கள் மட்டும் செய்தது, அத்தனையும் மெனுவல். கைமாறும்போது அதன் விலை பல மடங்கு ஏறியது. அந்தக் காருக்கு வைத்த பெயர்தான் 911 ஆர். கிளச் பெடல் இல்லாமல் மூன்றரை நாள் ஓடி வென்ற காரின் பெயர்! மெனுவலே உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் என்று அதை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருந்ததோ.

டொயோட்டாவும் இதே தடுமாற்றத்தில்தான் இருக்கிறது. 2019 இல் சுப்ராவை ஓட்டோவில் மட்டும் கொண்டு வந்தார்கள், 2022 இல் மெனுவல் சேர்த்தார்கள். 2020 இல் ஜிஆர் யாரிஸை மெனுவலில் கொண்டு வந்தார்கள், 2024 இல் எட்டு கியர் ஓட்டோ சேர்த்தார்கள். கோர்வெட்டோ 2020 மாதிரியிலிருந்து மெனுவலையே விட்டுவிட்டது. பிறந்தபோது இருந்த மாதிரியே திரும்ப வந்து நிற்கிறது.

ஆக, வேகத்துக்காக மெனுவல் எடுத்த காலம் முடிந்தது. இன்று மெனுவல் எடுக்கிறவர் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து, கைகாலுக்கு வேலையை வாங்குகிறார். என்ஜின் சத்தம் கேட்டு, சரியான இடத்தில் கிளச்சை மிதித்து, கியர் சத்தமில்லாமல் விழும்போது வருகிற ஒரு சந்தோசம் இருக்கிறதே, அது அவருக்கு வேண்டும். அதில் பிழை இல்லை. அடுத்தவருடைய காலைப் பார்த்து நக்கல் பண்ண அது அனுமதிப்பத்திரம் அல்ல.

தம்பிக்கு நாம் சொன்னது இதுதான். கொழும்பு நெரிசலில் தினமும் ஓடுவதென்றால் ஓட்டோவை எடுங்கள், முழங்காலுக்கு நல்லது. அந்த ஓட்டோவையும் மட்டமாக நினைக்க வேண்டாம், ஆறு கியர், ஸ்டியரிங்கில் பட்டை எல்லாம் இருக்கிறது. மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவு இறங்கும்போது சின்ன கியரில் பிடித்து இறங்க இரண்டிலும் முடியும். எடுக்க முதல் மெனுவல் என்றால் கிளச்சையும், ஓட்டோ என்றால் கியர் எண்ணெயின் நிறத்தையும் மணத்தையும், தெரிந்த பாஸ் ஒருவரிடம் காட்டுங்கள். 2020 இலிருந்து ஐந்து வருடம் இறக்குமதி மூடிக் கிடந்ததில் பழைய கார்களையே பலர் உருட்டி ஓடியிருக்கிறார்கள்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “டோஹாவில வருசம் முழுக்க ஓட்டோதான் சேர் ஓடுற. ஊருக்கு வாற ஒரு மாசத்துக்காவது நானே கியர் போட்டுப் பாக்கணும்.”

மெனுவலைத்தான் எடுத்தார். எடுத்த பிறகுதான் தெரிந்தது, லைசன்ஸ் எடுத்த நாளுக்குப் பிறகு அவர் கிளச் மிதித்ததே இல்லை. மெயின் ரோட்டில் மூன்று இடத்தில் என்ஜின் நின்று, பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்தே கொன்றுவிட்டார். கூட்டாளிக்கும் மெனுவல் ஓடத் தெரியாது, வாயால் மட்டும்தான்.

பழக்கிக் கொடுத்தவர் வேன் காக்கா. தம்பி போய்க் கேட்டதும் மறுக்காமல் வந்தார். நாலு நாள் அசருக்குப் பிறகு பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு மைதானத்தைச் சுற்ற வைத்தார். ஒரு நாள் நாமும் பின் சீட்டில் ஏறினோம். பாலத்து ஏற்றத்தில் காரை நிறுத்தச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்க வைத்து, “இப்ப கிளச்ச மெல்ல மெல்ல விடுங்க தம்பி. அந்தா, கார்ட மூக்கு லேசா எழும்புதுல்ல, அங்கதான். அந்த இடத்தில பிடிச்சிக்கங்க” என்றார்.

சொல்லும்போது அவருடைய இடது தொடையும் மெல்ல மெல்ல உயர்ந்தது.